அப்லேஷன் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சிகிச்சையில் எந்த ஆபத்து எப்போது வரும்?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறுக்கு அப்லேஷன், அதாவது இதயத் திசுவில் வடு ஏற்படுத்தும் சிகிச்சை, செய்துகொள்ளலாமா என்று கேட்கப் போகிறவருக்கு மருத்துவர் பெரும்பாலும் ஓர் எண்ணைச் சொல்வார். "பெரிய சிக்கல் வருவது நூற்றுக்கு ஒருவருக்கோ இருவருக்கோதான், பயப்பட வேண்டாம்." அந்த எண் பொய்யில்லை. அமெரிக்காவில் 2016 முதல் 2020 வரை நடந்த 76,219 அப்லேஷன்களைத் திரட்டிய தேசியப் பதிவேட்டின்படி, சிறிதும் பெரிதுமாக ஏதோ ஒரு சிக்கலைச் சந்தித்தவர்கள் 2.5 சதவீதம். பெரிய சிக்கல் 0.9 சதவீதம். மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 0.05 சதவீதம், அதாவது இரண்டாயிரத்தில் ஒருவர். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் கம்பி போன்ற கதீட்டரைச் செலுத்தித் திசுவைச் சுடுகிற வேலைக்கு இது குறைவான எண்தான்.

அந்த எண் ஒன்றை மட்டும் சொல்வதில்லை: எந்த ஆபத்து எப்போது வரும் என்பதை. சில சிக்கல்கள் சிகிச்சை நடக்கும் அறையான கேத் லேப்பின் மேசையிலேயே வரும். அவற்றைப் பார்க்க அங்கே ஆறேழு பேர் நிற்பார்கள், மானிட்டர் இருக்கும், எக்கோ இருக்கும். இன்னும் சில, நோயாளி வீட்டுக்குப் போய், வேலைக்கும் திரும்பி, அப்லேஷனையே பாதி மறந்துவிட்ட மூன்றாவது வாரத்தில் வரும். அப்போது அதை அடையாளம் காண வேண்டியவர் நோயாளியும் அவர் வீட்டாரும்தான். இந்தச் சிகிச்சையின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கால வித்தியாசம்.

முதலில் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்கும். படபடப்பு, மூச்சு வாங்குதல், சோர்வு எல்லாம் அதனால்தான். ரத்தம் தேங்கிக் கட்டி உருவானால் அது மூளைக்குப் போய்ப் பக்கவாதமாகலாம். 1998-இல் பிரான்சின் பொர்தோ நகரில் மிஷெல் ஹய்ஸகேர் தலைமையிலான குழு 45 நோயாளிகளை ஆராய்ந்து, இந்த நடுக்கத்தைக் கிளப்பிவிடும் மின்பொறிகளில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள்ளிருந்து வருவதைக் காட்டியது. நுரையீரலிலிருந்து ரத்தத்தை இடது மேலறைக்குக் கொண்டுவரும் குழாய்கள் இவை, பெரும்பாலானவர்களுக்கு நான்கு. அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றி வடு ஏற்படுத்தி மின் தொடர்பைத் துண்டித்துவிட்டால் பொறி உள்ளேயே கிடந்துவிடும். இன்று உலகம் முழுக்க நடக்கும் அப்லேஷனுக்கு அடிப்படை இதுதான். வடு ஏற்படுத்த ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் சுடலாம், குளிர்பலூனால் உறைய வைக்கலாம், அல்லது புதிதாக வந்துள்ள மின்துடிப்பு முறையைப் பயன்படுத்தலாம்.

ஆரம்ப காலத்தில் சிரைக்கு உள்ளேயே போய்ச் சுட்டார்கள். பொறி அங்கேதானே இருக்கிறது! ஆனால் சுட்ட இடம் ஆறும்போது சுருங்கியது, சிரையும் குறுகியது. பல மாதங்கள் கழித்து நோயாளி இருமலோடும் மூச்சுத்திணறலோடும், சிலர் சளியில் ரத்தத்தோடும் வந்தார்கள். அதை நிமோனியா என்றும் ஆஸ்துமா என்றும் நினைத்து மருந்து கொடுத்த நிகழ்வுகள் உண்டு. நம் ஊரில் சளியில் ரத்தம் என்றால் முதலில் காசநோய்ப் பரிசோதனைக்குத்தான் அனுப்புவார்கள். அனுபவம் கற்றுக்கொடுத்த பிறகு, சுடும் கோடு சிரையை விட்டு வெளியே, மேலறைச் சுவருக்கு நகர்ந்தது. இன்று சிரை கடுமையாகக் குறுகுவது அரிது. ஆனால் கோடு எந்தச் சுவருக்கு நகர்ந்ததோ அந்தச் சுவருக்குப் பின்னால் வேறொன்று இருந்தது.

இடது மேலறையின் பின்சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான். அதை ஒட்டியபடி உணவுக்குழாய் இறங்குகிறது. தெருவில் வரிசையாகக் கட்டிய ஒட்டுச்சுவர் வீடுகளைப் போல, இந்தப் பக்கம் வைக்கும் சூடு அந்தப் பக்கமும் இறங்கும். உணவுக்குழாயின் உட்பரப்பில் புண் வந்து, அது ஆழமாகி, ஒரு கட்டத்தில் இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழும். கதீட்டர் அப்லேஷனுக்குப் பிறகு இப்படி நடக்கும் என்று முதன்முதலில் 2004-இல் மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். துளை விழுந்தால் வாயிலுள்ள கிருமிகளும் காற்றும் உணவுத் துணுக்குகளும் நேரே ரத்த ஓட்டத்தில் கலக்கும். காய்ச்சல், நெஞ்சுவலி, விழுங்கும்போது வலி, ரத்த வாந்தி, திடீர்ப் பக்கவாதம் எல்லாம் இதன் முகங்கள்.

இதைப் பற்றிய மிகப் பெரிய கணக்கு 2023-இல் வந்த பாட்டர்-ஏஎஃப் ஆய்வு. 35 நாடுகளில் 214 மையங்கள் செய்த 5,53,729 அப்லேஷன்களில் 138 பேருக்கு இந்தத் துளை வந்திருந்தது. சுமார் நாலாயிரத்தில் ஒருவர். ரேடியோ அலைவரிசை முறையில் 0.038 சதவீதம், குளிர்பலூனில் 0.0015 சதவீதம். எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருந்தும் நிபுணர்கள் ஏன் இதற்கு நடுங்குகிறார்கள் என்றால், வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அறுவை சிகிச்சை கிடைத்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிழைத்தார்கள். மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கவில்லை.

அறிகுறி தோன்றிய நாளின் இடைநிலை மதிப்பு பதினெட்டு. அதாவது பாதிப் பேருக்கு பதினெட்டாம் நாளுக்குப் பிறகுதான் ஏதோ சரியில்லை என்றே தெரிந்திருக்கிறது. சிலருக்கு இரண்டு மாதம் வரை ஆகியிருக்கிறது. மிக அதிகமானோரிடம் முதலில் வந்தது வெறும் காய்ச்சல்.

இதை நம் தெருவில் வைத்துப் பாருங்கள். மழைக்காலம். அப்லேஷன் செய்து மூன்று வாரம் ஆன ஒருவருக்கு 101 டிகிரி காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் பாராசிட்டமால் கொடுத்து, டெங்கு, டைபாய்டு பார்க்க ரத்தம் எடுப்பார்கள். அந்த மருத்துவர் மீது குற்றமில்லை. மூன்று வாரத்துக்கு முன் தொடை வழியாக நடந்த ஒரு சிகிச்சைக்கும் இன்றைய காய்ச்சலுக்கும் தொடர்பிருக்கும் என்று நோயாளியே சொன்னால் ஒழிய அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது தவறு இன்னும் மோசமானது. நெஞ்செரிச்சல், விழுங்கும்போது வலி என்று சொன்னதும் எண்டோஸ்கோபிக்கு எழுதிக்கொடுப்பார்கள். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயை விரிக்கக் காற்றை ஊதுவார்கள். துளை இருந்தால் அந்தக் காற்று இதயத்துக்குள் போய் மூளையை அடைந்து, மேசையிலேயே பக்கவாதத்தையோ மரணத்தையோ உண்டாக்கிவிடும். இந்த நிலையில் முதலில் எடுக்க வேண்டியது ரத்தக்குழாய்க்குச் சாயமருந்து செலுத்தி எடுக்கும் நெஞ்சு சி.டி. ஸ்கேன். முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும், சந்தேகம் தீராவிட்டால் சில நாளில் மறுபடி எடுப்பார்கள்.

ஆகவே இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோ, விழுங்கும்போது வலியோ, புதிதாகப் பேச்சுக் குழறலோ வந்தால், அப்லேஷன் செய்த மருத்துவமனைக்கு முதலில் போன் போட வேண்டும். வேறெங்கு போனாலும் அப்லேஷன் செய்திருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும், "எண்டோஸ்கோபி வேண்டாம், சி.டி. எடுங்கள்" என்று எழுதிய சீட்டைக் காட்ட வேண்டும். அந்தச் சீட்டை டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்துத் தருகிற மருத்துவமனைகள் இருக்கின்றன. தராவிட்டால் கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை.

மருத்துவர்களும் சும்மா இருக்கவில்லை. சுடும்போது உணவுக்குழாயில் வெப்பமானி வைத்துப் பார்க்கிறார்கள், பின்சுவரில் மின்திறனையும் நேரத்தையும் குறைக்கிறார்கள், சில வாரம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். எல்லாம் நியாயமான ஏற்பாடுகள். ஆனால் துளை இவ்வளவு அரிதாக வருவதால், இவற்றில் எது எவ்வளவு தடுக்கிறது என்று ஆய்வு செய்து நிரூபிப்பது கடினம்.

இனி மேசையிலேயே நடப்பவை. இடது மேலறைக்குப் போக நேர்வழி கிடையாது. தொடை இடுக்குச் சிரை வழியாக வலது மேலறைக்கு வந்து, இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரை ஊசியால் குத்தித் துளைத்துத்தான் போக வேண்டும். ஊசியோ கதீட்டரோ வெளிச்சுவரைத் துளைத்துவிட்டால் இதய உறைக்குள் ரத்தம் சேர்ந்து இதயத்தை அமுக்கும். டாம்போனேட் என்பது அதுதான். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சமவாய்ப்பு ஆய்வுகள் 89-ஐச் சேர்த்துப் பார்த்த 2023-ஆம் ஆண்டு பகுப்பாய்வில், இதய உறையில் ரத்தம் சேர்ந்தவர்கள் 0.78 சதவீதம். கேட்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் உடனே கண்டுபிடித்து, மார்பெலும்புக்குக் கீழே ஊசி வைத்து ரத்தத்தை வெளியே எடுத்தால் பெரும்பாலானவர்கள் திறந்த அறுவை சிகிச்சை இல்லாமலே தேறிவிடுவார்கள். அரிதாக இது சில நாள் கழித்தும் வரும். வீட்டில் திடீரென மயக்கம், வியர்வை, ரத்த அழுத்த வீழ்ச்சி என்றால் அதையும் நினைக்க வேண்டும்.

அதிகம் பேர் சந்திக்கும் சிக்கல் இதயத்தில் இல்லை, தொடையில். குத்திய இடத்தில் ரத்தம் கட்டுதல், பக்கத்துத் தமனியில் பட்டு வீக்கம் ஏற்படுதல் போன்றவை. மேலே சொன்ன பகுப்பாய்வில் 1.31 சதவீதம். அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குத்தினால் இது குறைகிறது என்பது தெளிவு. அந்தக் கருவி இல்லாத கேத் லேப் இன்று அரிது, இருந்தும் எல்லோரும் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வேடிக்கை.

பக்கவாதத்தைத் தடுப்பதில் வந்த மாற்றம், இத்துறையின் நல்ல கதைகளில் ஒன்று. ரத்தக் கசிவுக்குப் பயந்து, முன்பெல்லாம் அப்லேஷனுக்குச் சில நாள் முன்பே ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையான வார்ஃபரினை நிறுத்தி, இடையில் அதே வேலையைச் செய்யும் ஹெபாரின் ஊசி போட்டுச் சமாளிப்பார்கள். 2014-இல் வெளிவந்த கம்பேர் ஆய்வு 1,584 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. மாத்திரையை நிறுத்தியவர்களில் 4.9 சதவீதத்தினருக்குப் பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்தது, நிறுத்தாதவர்களில் 0.25 சதவீதத்தினருக்கு. சிறிய ரத்தக் கசிவுகளும் நிறுத்தாதவர்களிடம் குறைவாகவே இருந்தன. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்த ஒன்றே ஆபத்தாக இருந்திருக்கிறது! இன்றும் "ஏதோ ஆபரேஷன்தானே, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ரெண்டு நாள் நிறுத்திக்கொள்வோம்" என்று வீட்டிலேயே முடிவெடுப்பவர்கள் உண்டு. கூடாது. மருத்துவர் சொல்கிறபடி மட்டும்.

குளிர்பலூன் உணவுக்குழாயைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது என்று பார்த்தோம். அதற்கு வேறு விலை. வலப்பக்கச் சிரைகளுக்கு அருகே உதரவிதானத்தை இயக்கும் நரம்பு ஓடுகிறது, பலூனின் குளிர் அதை மரக்கச் செய்துவிடலாம். 2016-இல் வந்த ஃபயர் அண்ட் ஐஸ் ஆய்வில் குளிர்பலூன் பிரிவில் டிஸ்சார்ஜ் ஆகும்போது 2.7 சதவீதத்தினருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. மூச்சு வாங்கும், ஆனால் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும்.

இப்போது எல்லோரும் பேசுவது மின்துடிப்பு முறை. மைக்ரோ வினாடிக் கணக்கில் உயர் மின்னழுத்தத் துடிப்புகளைக் கொடுத்து, உயிரணுச் சவ்வில் நுண்துளைகள் போட்டு அந்த அணுவைச் சாகடிப்பது. இதயத் தசை அணுக்கள் இதற்குச் சீக்கிரம் பலியாகும், உணவுக்குழாயும் நரம்பும் தாக்குப்பிடிக்கும். ஐரோப்பாவில் 2021-இலிருந்தும் அமெரிக்காவில் 2023 டிசம்பரிலிருந்தும் அனுமதி உண்டு. 17,642 நோயாளிகளைப் பார்த்த மேனிஃபெஸ்ட்-17கே தொகுப்பில் உணவுக்குழாய்ப் பாதிப்பு ஒன்றுகூட இல்லை, சிரை குறுகியதும் இல்லை, நீடித்த நரம்புப் பாதிப்பும் இல்லை. இருபது வருடம் துறையைப் பயமுறுத்திய மூன்றும் ஒரே அடியில் காணாமல்போனது சின்ன விஷயமில்லை.

ஆனால் புதிதாகச் சில வந்திருக்கின்றன. துடிப்புகள் சிவப்பணுக்களையும் உடைக்கின்றன. உடைந்த அணுவிலிருந்து கசியும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தை அடைத்து, அந்தத் தொகுப்பில் ஐந்து பேருக்கு டயாலிசிஸ் வரை போயிருக்கிறது. எத்தனை முறை துடிப்பு கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இது கூடும், ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதயத் தமனிக்கு அருகில் துடிப்பு கொடுத்தால் தமனி சட்டென இறுகும். டாம்போனேட்டும் பக்கவாதமும் ஒழியவில்லை. சுவரைக் குத்தித்தானே உள்ளே போக வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் தன் வேரிபல்ஸ் என்ற மின்துடிப்புக் கருவியின் அமெரிக்கப் பயன்பாட்டைச் சில வாரம் நிறுத்தி வைத்தது. தொடக்கத்தில் இக்கருவியால் சிகிச்சை பெற்ற நோயாளிகள் சிலருக்குப் பக்கவாதம் போன்ற நிகழ்வுகள் வந்ததே காரணம். ஒரே இடத்தில் அடுக்கடுக்காகத் துடிப்பு கொடுப்பதும், சிரைகளுக்கு வெளியே அதிகமாகக் கொடுப்பதும் தொடர்புடையவையாக இருக்கலாம் என்று விசாரித்து, அறிவுரைகளை மாற்றிய பிறகே மீண்டும் தொடங்கினார்கள். புதிய முறை பழையதை விடப் பாதுகாப்பானதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உணவுக்குழாய்த் துளை என்ற ஒன்று இருப்பதே கதீட்டர் அப்லேஷன் பரவி சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது என்பதை மறக்கக் கூடாது.

மறுபடி எண்களுக்கு வருவோம். பதிவேட்டில் இரண்டாயிரத்தில் ஒருவர் இறந்தார் என்று பார்த்தோம். அதே அமெரிக்காவில் 2010 முதல் 2015 வரை உள்நோயாளிகளாக அப்லேஷன் செய்துகொண்ட 60,203 பேரைப் பார்த்த இன்னொரு ஆய்வு, ஆரம்ப கால மரணம் 0.46 சதவீதம் என்றது. ஒன்பது மடங்கு அதிகம்! இரண்டில் எது சரி? இரண்டுமே. பதிவேட்டில் சேர்ந்த மருத்துவமனைகள் தாமாக முன்வந்தவை, அவை கணக்கெடுத்தது மருத்துவமனைக்குள் நடந்ததை மட்டும். இரண்டாவது ஆய்வில் உடல்நிலை மோசமானவர்கள் அதிகம், முப்பது நாளுக்குள் திரும்ப அனுமதிக்கப்பட்டவர்களையும் சேர்த்தார்கள். அந்த மரணங்களில் பாதிக்கு மேல், ஒருமுறை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப வந்தவர்களுடையவை. டிஸ்சார்ஜ் அன்று கணக்கை மூடிவிட்டால் இவர்கள் யாரும் எண்ணில் வரமாட்டார்கள்.

யார் செய்கிறார் என்பதும் எண்ணை மாற்றும். 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் நடந்த 93,801 அப்லேஷன்களைப் பார்த்ததில், வருடத்துக்கு 25-க்குக் குறைவாகச் செய்யும் மருத்துவர்களிடமும் 50-க்குக் குறைவாகச் செய்யும் மருத்துவமனைகளிலும் சிக்கல்கள் அதிகம். "நீங்கள் வருடத்துக்கு எத்தனை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அப்லேஷன் செய்கிறீர்கள்?" என்று கேட்க நம்மவர்கள் கூச்சப்படுவார்கள். "எத்தனை ஆஞ்சியோ செய்திருக்கிறீர்கள்" என்பது இதற்கு ஈடான கேள்வி இல்லை. இது இதய மின்னியல் நிபுணரின் வேலை, தனிப் பயிற்சி. இரவில் டாம்போனேட் வந்தால் இதய அறுவை சிகிச்சை நிபுணர் அதே கட்டடத்தில் இருப்பாரா என்பதையும் கேட்டுவிடலாம்.

இத்தனை ஆபத்தைத் தாங்கிக்கொண்டு கிடைப்பது என்ன? அது ஆளைப் பொறுத்தது. 2,204 பேரை வைத்து 2019-இல் முடிந்த கபானா ஆய்வில், மரணம், கடும் பக்கவாதம், பெரும் ரத்தக் கசிவு, இதயம் நின்றுபோதல் எல்லாம் சேர்த்து அப்லேஷன் பிரிவில் 8.0 சதவீதம், மருந்துப் பிரிவில் 9.2 சதவீதம். புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்துப் பிரிவில் நான்கில் ஒருவருக்கு மேல் பிறகு அப்லேஷனுக்கு மாறியது அந்த முடிவைக் குழப்புகிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் இதயம் பலவீனமான 363 பேரைப் பார்த்த 2018-ஆம் ஆண்டின் காஸில்-ஏஎஃப் ஆய்வில், மரணமோ இதயச் செயலிழப்புக்கான மருத்துவமனை அனுமதியோ 44.6 சதவீதத்திலிருந்து 28.5 சதவீதமாக இறங்கியது. அந்த நோயாளிக்கு ஒரு சதவீத ஆபத்து வேறு பொருளில்தான் தெரியும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது நிம்மதி: படபடப்பு குறையும், மாடிப்படி ஏற முடியும். இதெல்லாம் மனப்பிரமைதானோ என்ற சந்தேகத்தையும் 2024-இல் பிரிட்டனில் 126 பேரைக் கொண்டு சோதித்தார்கள். பாதிப் பேருக்கு உண்மையான அப்லேஷன், மீதிப் பேருக்குச் செய்வதுபோல் பாவனை. உண்மையில் செய்தவர்களிடம்தான் துடிப்புக் கோளாறும் நன்கு குறைந்தது, வாழ்க்கைத் தரமும் கூடியது.

மருந்தே போதும் என்று இருந்துவிட்டால் ஆபத்தே இல்லை என்பதும் சரியில்லை. துடிப்பை ஒழுங்காக வைக்கும் அமியோடரோன் என்ற மருந்து தைராய்டையும் நுரையீரலையும் கெடுக்கலாம். அதே வகையில் இன்னொரு மருந்தான ஃப்ளெகைனைடை மாரடைப்பு வந்த இதயத்துக்குக் கொடுத்தால் மரணம் கூடும் என்பது 1989-லேயே தெரிந்துவிட்டது.

இந்தியாவுக்கு ஒரு கூடுதல் விஷயம். இங்குள்ள ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளில் பெரும் பகுதியினருக்கு, சிறுவயது வாதக்காய்ச்சலால் கெட்டுப்போன இதய வால்வுதான் காரணம். 2011-12-இல் திரட்டிய இந்திய இதயத் துடிப்புச் சங்கத்தின் பதிவேட்டில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இப்படி. மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் இவர்களைச் சேர்க்காமல் நடந்தவை. மிட்ரல் வால்வு சுருங்கியவரின் மேலறை வீங்கி, வடுவேறிப் போயிருக்கும். அவருக்கு முதல் கேள்வி வால்வு, அப்லேஷன் அப்புறம்.

அப்லேஷன் வெற்றி என்றதும் பலர் செய்யும் முதல் காரியம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்துவது. சுட்ட இடம் ஆறும்வரை அங்கே கட்டி உருவாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், எல்லோருக்குமே குறைந்தது இரண்டு மாதம் என்கிறது 2024-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி, அமெரிக்க வழிகாட்டி மூன்று மாதம் என்கிறது. அதற்குப் பிறகு தொடர்வதா என்பதை இசிஜி இப்போது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து முடிவுசெய்வதில்லை. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பு பக்கவாதம் வந்ததா என்று பார்க்கிறார்கள். எழுபத்தாறு வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அப்லேஷன் எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் மாத்திரை தொடரும்.